அறையில் ஆள் இல்லை என்று வீட்டுக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 6, இரவு 9.50

ஆள் வந்தால் லைட்டைத் தானாக எரியவைக்கும் பிஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் வாங்கும் எல்லாரும் அதை ‘ஆள் இருப்பதைக் காட்டும் கருவி’ என்றே நினைக்கிறார்கள். அது காட்டுவது அசைவை. ஆள் வந்துவிட்டார் என்று சொல்ல அசைவு போதும். போய்விட்டார் என்று சொல்ல அசைவின்மை போதாது. புத்தகம் படிப்பவர் அசைவதில்லை, தூங்குபவர் அசைவதில்லை, கணினி முன் யோசனையில் மூழ்கியவர் விரலைக்கூட ஆட்டுவதில்லை. சென்சார் கணக்கில் இவர்கள் எல்லாரும் அறையை விட்டுப் போனவர்கள்.

வெற்று அறையையும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளையும் பிரித்துக் காட்ட என்ன வழி? கேட்ட இடமெல்லாம் வந்த பதில், ‘டைமரைக் கூட்டு’, அதாவது அசைவு நின்றபின் லைட் எரியும் நேரத்தை நீட்டு. அதை நான் பதிலாக ஏற்கவில்லை. ஏன் என்பதையும், நான் சோதித்துப் பார்ப்பதையும் இங்கேயே ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு இது அவசரமான விஷயம். அம்மாவுக்கு முழங்கால் வலி. குளியலறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரம் பிடிக்கும். அதற்குள் லைட் அணைந்துவிடுகிறது, இருட்டில் சுவரைத் தடவுகிறார். ஈரத் தரையில் அது ஆபத்து.

இப்போது இருப்பவை: சின்னக் கணினி ஒன்றில் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்), ஜிக்பீ என்ற ஒயரில்லா இணைப்பில் பேசும் கதவு சென்சார்கள், அறைக்கு ஒரு பிஐஆர், கையில் சில இஎஸ்பி32 போர்டுகள் (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பலகைகள்). எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஓடுகின்றன. இணையம் போனாலும் லைட் எரியும்.


ஜனவரி 7, காலை

முதலில் பிஐஆர் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

உள்ளே வெப்பக் கதிரை உணரும் இரண்டு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. இரண்டுக்கும் ஒரே அளவு வெப்பம் பட்டால் ஒன்றை ஒன்று கழித்துவிடும், விடை பூஜ்யம். ஆள் குறுக்கே நடக்கும்போது ஒன்றில் முதலிலும் மற்றதில் பிறகும் படுகிறது. அந்த வித்தியாசம்தான் ‘அசைவு’. முன்னால் உள்ள பால்நிற பிளாஸ்டிக் மூடி ஒரு ஃபிரெனல் லென்ஸ். அறையை விசிறி போலப் பல கீற்றுகளாகப் பிரித்துத் தருகிறது. கீற்றுகளைத் தாண்டிக் குறுக்கே போனால் உடனே தெரியும். சென்சாரை நோக்கி நேராக நடந்து வந்தால் தாமதமாகத்தான் தெரியும். எனவே கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் பிஐஆர் மாட்டுவதைவிடப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுவது நல்லது. காசு செலவில்லாத முன்னேற்றம் இது, பலரும் செய்வதில்லை.

இன்னொன்று, கோடையில் அறையின் சூடு உடம்பின் சூட்டை நெருங்கும்போது வித்தியாசம் குறைந்து சென்சார் மந்தமாகும். குளிர்காலத்தில் சரி செய்த அமைப்பு வெயில் காலத்தில் சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.


ஜனவரி 7, இரவு

எச்சி-எஸ்ஆர்501 (HC-SR501) என்ற பிஐஆர் வைத்திருப்பவர்களுக்கு: அதில் திருகும் குமிழ் இரண்டு உண்டு, ஒன்று தூரம், மற்றது நேரம். கூடவே ஒரு ஜம்பர், அதாவது இடம் மாற்றிச் செருகும் சின்ன இணைப்பு. அது மறுதூண்டல் நிலையில் (ஒவ்வொரு அசைவுக்கும் நேரத்தை மறுபடி தொடங்கும் நிலை) இல்லாவிட்டால், ஆள் அசைந்துகொண்டே இருந்தாலும் நேரம் முடிந்ததும் வெளியீடு கீழே இறங்கிவிடும். இஎஸ்பி போர்டின் ஆன்டெனாவுக்கு ஒட்டி வைத்தால் வைஃபை அலையே பொய் அசைவைக் கிளப்பும். கொஞ்சம் ஒயர் விட்டுத் தள்ளி வையுங்கள்.

பேட்டரியில் ஓடும் சின்ன சென்சார்களில் சில, ஒருமுறை அசைவைச் சொன்னதும் ஒரு நிமிடம் போலக் கண்ணை மூடிக்கொள்ளும். பேட்டரியை மிச்சப்படுத்த அப்படிச் செய்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குள் ‘அசைவு இல்லை’ என்று முடிவெடுக்கும் ஆட்டோமேஷன் எழுதினால் அது எப்படிப் போட்டாலும் வேலை செய்யாது.


ஜனவரி 11

டைமர் பற்றி. ஹாலில் 20 நிமிடம் வைத்தால் படிப்பவருக்கு வசதி. அதே 20 நிமிடத்தை நடைவழிக்கு வைத்தால், ஒரு நொடி கடந்து போனதற்கு 20 நிமிடம் லைட் எரியும். குளியலறையில் 20 நிமிடம் அம்மாவுக்குப் போதாத நாளும் வரும். எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு பக்கம் வீண், மறுபக்கம் இருட்டு. டைமர் அறையைப் பார்ப்பதே இல்லை, கடிகாரத்தைப் பார்க்கிறது.

நடைவழி, மாடிப்படி, சாமான் அறை ஆகியவற்றுக்கு பிஐஆரும் சின்ன டைமரும் போதும். அங்கே யாரும் உட்காருவதில்லை. இந்த இழையில் இனி அவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை.


ஜனவரி 19

அசையாத ஆளையும் பிடிக்கும் என்று சொல்லப்படும் ரேடார் சென்சார் வந்துவிட்டது. ஹை-லிங்க் எல்டி2410, 24 கிகாஹெர்ட்ஸ். இஎஸ்பி32-உடன் சீரியலில் இணைத்து இஎஸ்பிஹோமில் (இந்த போர்டுகளை ஹோம் அசிஸ்டன்டோடு சேர்க்கும் மென்பொருள்) எழுதினேன். இதன் சீரியல் வேகம் நொடிக்கு 256000 பிட், வழக்கமான 9600-ஓ 115200-ஓ இல்லை. எண் வராமல் திணறுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

கூகுளில் ‘மூச்சைக்கூடக் கண்டுபிடிக்கும்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்களுக்குக் கணக்கு இது. 24 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 மில்லிமீட்டர். நெஞ்சு 1 மி.மீ. முன்னால் வந்தால், அலை போய்த் திரும்புவதில் 2 மி.மீ. குறைகிறது. 12.5-இல் 2 என்றால் அலையின் கட்டம், அதாவது அதன் ஏற்ற இறக்க நிலை, கிட்டத்தட்ட 58 டிகிரி மாறுகிறது. மின்னணுவியலில் இது மிகப் பெரிய மாற்றம். மூச்சு விடும்போது நெஞ்சு சில மி.மீ. ஏறி இறங்குகிறது, ஆகவே தெரிகிறது.

தூரத்தை மட்டும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடியாது. 24.00 முதல் 24.25 கிகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 250 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் பொதுவாக அனுமதி. ஒளியின் வேகத்தை அந்த அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் 0.6 மீட்டர். அதற்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்களைத் தூரத்தால் பிரிக்க இயலாது. எல்டி2410 தன் பார்வையை 0.75 மீட்டர் துண்டுகளாக, கேட் 0 முதல் கேட் 8 வரை, பிரித்துக்கொள்வது இந்த எல்லைக்குள் அடங்குகிறது. ஒவ்வொரு கேட்டுக்கும் நகரும் ஆளுக்கு ஒரு வரம்பு, அசையாத ஆளுக்கு ஒரு வரம்பு. இந்த எண்களில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்டியில் வந்த இயல்பு மதிப்போடு மாட்டிவிட்டு ‘ரேடார் சரியில்லை’ என்று சொல்லக்கூடாது.


ஜனவரி 20

விட்டுப்போனது ஒன்று: எல்டி2410-இன் பி, சி வகைகளில் புளூடூத் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே இயல்புக் கடவுச்சொல். அக்கம்பக்கத்தில் யாரும் ஃபோனை வைத்துக்கொண்டு உள்ளே நுழையலாம், உங்கள் அறையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கலாம். அமைப்பு வேலை முடிந்ததும் புளூடூத்தை அணையுங்கள். இஎஸ்பிஹோமில் அதற்குத் தனி சுவிட்ச் தருகிறார்கள்.


ஜனவரி 27, நள்ளிரவு தாண்டி

படிப்பறையில் விதி எளிமையானது: ரேடார் ஆளைக் காட்டும்வரை லைட்டும் ஃபேனும் ஓடட்டும், ஆள் போனால் இரண்டும் நிற்கட்டும். இன்று மாலை எல்லாரும் வெளியே போய்த் திரும்பினோம். லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஹோம் அசிஸ்டன்ட் திரையில் ‘ஆள் இருக்கிறார்’. வீட்டில் யாருமே இல்லாத நேரம் முழுக்க அப்படியே.

ரேடாருக்கு ஃபேன் இறக்கை நகரும் பொருள். ஃபேன் சுற்றுவதால் ஆள் இருப்பதாகத் தெரிகிறது, ஆள் இருப்பதாகத் தெரிவதால் ஃபேன் சுற்றுகிறது. இந்த வட்டத்துக்கு வெளியே போகும் வாசலே இல்லை. மின்சாரம் நின்றால்தான் உடையும்.

மகள் சொன்னாள்: “அப்பா, ஃபேன் தனியா இருக்கான், கதவைச் சாத்திடாதீங்க.” இன்றிலிருந்து வீட்டில் படிப்பறை ஃபேனும் ஒரு ஆள்தான்.

இதை வெறும் தொந்தரவாகப் பார்க்கவில்லை நான். வீட்டு ஆட்டோமேஷனில் இருக்கும் அடிப்படையான சிக்கல் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. சென்சார் எதைப் பார்த்து முடிவு சொல்கிறதோ, அந்த முடிவு அதே காட்சியை மாற்றுகிறது. ஃபேன் மட்டும் இல்லை. ஏசி காற்றில் ஆடும் திரைச்சீலை ரேடாரை ஏமாற்றும். சூடேறும் குமிழ் விளக்கு அணைந்து ஆறும்போது பக்கத்தில் உள்ள பிஐஆரைத் தூண்டும், லைட் மறுபடி எரியும். கட்டுப்படுத்தும் பொருள் எதுவோ அது சென்சாரின் கண்ணில் படுகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.


ஜனவரி 28

என்ன செய்தேன் என்றால்:

ரேடாரைக் கூரையிலிருந்து எடுத்துச் சுவரில் தோள் உயரத்தில் வைத்தேன், முகம் சற்றுக் கீழ்நோக்கி. அதன் பார்வை இரு பக்கமும் 60 டிகிரி என்பதால் ஃபேன் முழுமையாக வெளியே போகவில்லை, ஓரத்துக்குப் போனது. பிறகு அறையைக் காலி செய்துவிட்டுப் ரேடாரின் உள் எண்களைக் காட்டும் பொறியியல் நிலையைப் போட்டு, ஃபேனின் ஒவ்வொரு வேகத்திலும் எந்தக் கேட்டில் எவ்வளவு ஆற்றல் தெரிகிறது என்று குறித்துக்கொண்டேன். ஃபேன் விழும் கேட்டில் நகர்வு வரம்பு, அந்த அளவுக்கு மேலே. நாற்காலி இருக்கும் கேட்டில் அசையாத ஆளுக்கான வரம்பு, தொடாமல் விட்டேன். அறையின் நீளத்துக்கு அப்பால் உள்ள கேட்டுகளை மூடினேன். மரத் தடுப்பு, ஜிப்சம் சுவர் போன்றவற்றை 24 கிகாஹெர்ட்ஸ் ஊடுருவும். மூடாவிட்டால் அடுத்த அறையில் நடப்பவரும் இந்த அறைக் கணக்கில் வருவார்.

இதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு. பிஐஆர் நெடுநேரம் மௌனமாக இருந்து, ரேடார் மட்டும் ‘ஆள்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஆட்டோமேஷன் ஃபேனைக் கொஞ்ச நேரம் நிறுத்துகிறது. இறக்கை முழுவதும் ஓய்ந்தபின் ரேடாரை ஒருமுறை பார்க்கிறது. மூச்சு தெரிந்தால் ஃபேன் மறுபடி ஓடும். தெரியாவிட்டால் அறை காலி. படுக்கையறையில் இப்படிச் செய்யாதீர்கள், தூங்குபவரை எழுப்பும். படிப்பறைக்குப் பொருந்துகிறது.


பிப்ரவரி 3

‘இவ்வளவு எதற்கு, ஃபோன் வீட்டு வைஃபையில் இருந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார்’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். வீட்டளவில் ஓரளவு சரி. அறையளவில் பயனே இல்லை. வீட்டளவிலும் இரண்டு சிக்கல்.

திரை அணைந்த ஃபோன் பேட்டரிக்காகத் தூங்கும், ‘இருக்கிறாயா’ என்று வைஃபையில் பிங் செய்தால் பதில் வராது. ஆகவே ஹோம் அசிஸ்டன்டில் கடைசியாகப் பார்த்தபின் எவ்வளவு நேரம் ‘வீட்டில்’ என்றே வைத்திருப்பது என்று ஓர் அமைப்பு உண்டு. இயல்பு 180 நொடி. பல ஃபோன்களுக்கு அது போதாது. அடுத்து, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை முகவரியைக் காட்டுகின்றன. தனியுரிமைக்கு அது மிக நல்லது. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த அமைப்பை அணைத்தால் ரவுட்டரில் நிலையான முகவரி தெரியும்.

ஜிபிஎஸ் சேர்த்தால் இன்னும் மேல். ஹோம் அசிஸ்டன்டில் வீட்டு வளையம் இயல்பாக 100 மீட்டர். ‘எல்லாரும் வெளியே போய்விட்டார்கள், எல்லாவற்றையும் அணை’ என்ற ஒரே வேலைக்கு ஃபோனைப் பயன்படுத்துகிறேன், அதுவும் ரவுட்டர், ஜிபிஎஸ் இரண்டும் ஒத்துச் சொன்னால்தான். அம்மா ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவார். விருந்தாளியின் ஃபோன் கணக்கிலேயே இல்லை. குழந்தைக்கு ஃபோனே இல்லை. ஃபோனை எண்ணி மனிதர்களை எண்ணிவிட்டதாக நினைத்தால், ஒருநாள் வீட்டில் ஆள் இருக்கும்போதே கதவு பூட்டிக்கொள்ளும்.


பிப்ரவரி 4

ஃபோனை எண்ணுவதைப் பற்றி எழுதியதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகம் 1980-களின் இறுதியில் ‘ஆக்டிவ் பேட்ஜ்’ என்று ஒன்றைச் செய்தது. ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் முதலியோர். சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டை, சுமார் 15 நொடிக்கு ஒருமுறை அகச்சிவப்பில் தன் அடையாளத்தைச் சொல்லும். அறைக்கு அறை உணரிகள். யார் எந்த அறையில் என்று வரவேற்பாளருக்குத் தெரியும், தொலைபேசி அழைப்பை அங்கே மாற்றிவிடுவார். 1992-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அகச்சிவப்பு சுவரைத் தாண்டாது. அறையில் பட்டை தெரிந்தால் அது அந்த அறையிலேயே இருக்கிறது. இன்றைய புளூடூத்துக்கு இந்த நன்மை இல்லை. அந்தப் பட்டையில் எனக்கு மிகவும் பிடித்தது வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு சின்ன உறுப்பு. இருட்டில், அதாவது மேஜை டிராயருக்குள் போட்டால், அது பேசுவதை நிறுத்திவிடும். பேட்டரிக்காகச் செய்தது. ஆனால் ‘பட்டை இருக்கிறது, மனிதர் இல்லை’ என்ற நிலையை அதுவே ஓரளவு கையாண்டுவிட்டது. கையிலிருக்கும் ஃபோனையும் மேஜையில் கிடக்கும் ஃபோனையும் நம் வீட்டு ரவுட்டரால் இன்றும் பிரிக்க முடியவில்லை.


பிப்ரவரி 9

புளூடூத்தையும் சோதித்தேன். அறைக்கு ஒரு இஎஸ்பி32-இல் இஎஸ்பிரெசென்ஸ் என்ற புளூடூத் தேடும் மென்பொருளை ஏற்றி, ஃபோன் எந்த போர்டுக்கு அருகில் என்று பார்ப்பது. ஃபோன்கள் புளூடூத் முகவரியையும் சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றும். ஃபோனின் அடையாளத் திறவுகோலை ஒருமுறை எடுத்துக் கொடுத்துவிட்டால் மாறும் முகவரிகளையும் அது கண்டுபிடித்துக்கொள்ளும். அதுவரை சரி. சிக்கல் சமிக்ஞையில் இருக்கிறது. புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக உறிஞ்சுகிறது, உடம்பில் பெரும்பங்கு நீர். ஃபோனைப் பின்பாக்கெட்டில் வைத்துத் திரும்பி உட்கார்ந்ததுமே நான் அடுத்த அறைக்கு ‘நகர்ந்தேன்’. யார் என்பதைச் சொல்ல புளூடூத் நல்ல சாட்சி. எங்கே என்பதற்குப் பலவீனமான சாட்சி. லைட்டுக்கு இதை வைத்து முடிவெடுப்பதை நிறுத்திவிட்டேன்.


பிப்ரவரி 16

முதல் குறிப்பில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல பதில், வீட்டிலேயே பழைய கருவியிடமிருந்து வந்தது: கதவு.

ஹோம் அசிஸ்டன்ட் வட்டாரத்தில் இதை ‘பெட்டிக்குள் குளவி’ என்பார்கள். பெட்டியை மூடியபின் உள்ளே ஒரு ரீங்காரம் கேட்டுவிட்டால் குளவி உள்ளே இருக்கிறது. பிறகு அது எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தாலும், பெட்டியைத் திறக்கும்வரை உள்ளேதான். அறைக்கும் அப்படியே. கதவு மூடியது, மூடியபின் ஓர் அசைவு தெரிந்தது. அவ்வளவுதான், ஆள் உள்ளே. மறுபடி கதவு திறக்கும்வரை டைமர் தேவையே இல்லை. ஒரு மணி நேரம் சிலைபோல உட்கார்ந்தாலும் லைட் எரியும். கதவு மூடி, குறித்த நேரத்துக்குள் அசைவே இல்லையென்றால், போனவர் வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போயிருக்கிறார். லைட்டை உடனே அணைக்கலாம். ஒரே சாட்சியம் இரு பக்கமும் உதவுகிறது.

டைமரில் ‘இல்லை’ என்பது ஊகம். இங்கே ‘இல்லை’ என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி தேவைப்படுகிறது: கதவு திறந்தாக வேண்டும். சுவர் வழியாக யாரும் வெளியே போவதில்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டிய இடம்: வெளியே போகிறவர் கதவைச் சாத்தும்போது அவருடைய கடைசி அசைவு பிஐஆரில் இன்னும் மிச்சமிருக்கும். எச்சி-எஸ்ஆர்501-இல் நேரக் குமிழைக் கூட்டி வைத்திருந்தால் வெளியீடு நிமிடக்கணக்கில் மேலேயே நிற்கும். கதவு மூடிய கணத்தில் ‘அசைவு உண்டு’ என்று படித்தால் வெற்று அறையில் குளவியை அடைத்துவிடுவோம். ஆகவே குமிழைக் குறைந்த அளவில் வைத்து, கதவு மூடியபின் வெளியீடு ஒருமுறை கீழிறங்கி மறுபடி ஏறுவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பேட்டரி சென்சாரில் அந்த ஒரு நிமிடக் கண்மூடல் வேறு உண்டு. இந்த வேலைக்கு ஒயரில் ஓடும் சென்சார்தான் சரி.


பிப்ரவரி 17

‘கதவைத் திறந்தே வைத்தால்?’ குளவி பறந்துவிடும், அதாவது முறை செல்லாது. ஹாலுக்குக் கதவே இல்லை. இரண்டு பேர் உள்ளே இருந்து ஒருவர் போனாலும், சாத்தியபின் மற்றவர் ஒருமுறை அசையும்வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் குளியலறையிலும் இதே இடையூறு. விழுந்தால் உள்ளே வர வேண்டுமே என்று அம்மாவிடம் தாழ்ப்பாள் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறோம். கதவு ஒருக்களித்தே கிடக்கிறது. அங்கே குளவி முறையை நம்பினால், யாருக்காகத் தொடங்கினேனோ அவருக்கே உதவாது. அதனால் அங்கே ரேடார், கதவு இரண்டும். கதவு மூடியிருந்தால் குளவி விதி. ஒருக்களித்திருந்தால் ரேடார் சொல்வதே இறுதி, அது ‘இல்லை’ என்று சொல்லத் தொடங்கிய பிறகும் பத்து நிமிடம் பொறுத்துத்தான் அணையும். அணைவதும் ஒரேயடியாக இல்லை. முதலில் பாதி வெளிச்சத்துக்கு இறங்கி ஒரு நிமிடம் நிற்கும். உள்ளே இருப்பவர் கையைத் தூக்கினால் மறுபடி முழு வெளிச்சம். இருட்டு யார் மீதும் திடீரென்று விழாது. அம்மா இப்போது லைட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது அது விழும் கேட்டின் வரம்பை இஎஸ்பிஹோம் வழியாக ஏற்றி, நின்றதும் இறக்குகிறேன். ஜனவரி 27-இல் எழுதிய அதே வட்டம் இங்கேயும் வரக் காத்திருந்தது.

கீழே விழுந்ததைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார்களைப் பற்றிக் கேட்டவருக்கு: பிடிமானக் கம்பியும் வழுக்காத தரையும் முதலில். சென்சார் அதற்குப் பிறகு.


பிப்ரவரி 21

சின்னது. கதவு சென்சார்கள் அவ்வப்போது காணாமல் போனதற்குக் காரணம், சென்சார்களின் செய்தியை வாங்கும் ஜிக்பீ குச்சியைக் கணினியின் யுஎஸ்பி 3.0 துளையில் நேரடியாகச் செருகியிருந்தது. யுஎஸ்பி 3.0 தன் வேகத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழுப்பும், இன்டெலே 2012-இல் இதை எழுதி வெளியிட்டிருக்கிறது. நீட்டிப்பு ஒயர் போட்டுக் கணினியிலிருந்து தள்ளி வைத்தேன். சரியாகிவிட்டது.


மார்ச் 2

பல சென்சார்களை எப்படிச் சேர்ப்பது? ‘ஏதாவது ஒன்று ஆள் என்றால் ஆள்’ என்று எழுதினால் ஃபேன் ஜெயிக்கும். ‘எல்லாம் சொன்னால்தான்’ என்றால் படிப்பவர் தோற்பார். ஹோம் அசிஸ்டன்டில் பேய்சியன் சென்சார் என்று ஒன்று உண்டு, பல சாட்சியங்களைச் சேர்த்து ஒரே நிகழ்தகவாகக் கணிப்பது. படிப்பறைக்கு நான் போட்ட எண்களை அப்படியே தருகிறேன், கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

மாலையில் அங்கே ஆள் இருக்க வாய்ப்பு 0.3 என்று வைத்தேன். இருத்தலுக்கும் இல்லாமைக்கும் உள்ள விகிதம் 0.3-க்கு 0.7, அதாவது 0.43. ரேடார் ‘ஆள்’ என்கிறது: உண்மையில் ஆள் இருந்தால் 0.9 தடவை அப்படிச் சொல்லும், இல்லாதபோதும் 0.1 தடவை சொல்லும். ஒன்பது மடங்கு. விகிதம் 3.86 ஆகிறது, நிகழ்தகவு 0.79. கணினி விழித்திருக்கிறது: 0.8-க்கு 0.2, நான்கு மடங்கு. விகிதம் 15.4, நிகழ்தகவு 0.94. பிஐஆர் பத்து நிமிடமாக மௌனம்: ஆள் இருந்தும் மௌனமாக இருக்க 0.4, காலி அறையில் மௌனமாக இருக்க 0.95. விகிதம் 6.5-க்கு இறங்குகிறது, நிகழ்தகவு 0.87. பிஐஆரின் மௌனம் சாட்சியத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான். முதல் குறிப்பில் நான் சொல்ல நினைத்ததை இந்த எண் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒரே சுவரில் இரண்டு பிஐஆர் வைத்து இரண்டையும் தனித்தனிச் சாட்சியாகச் சேர்க்காதீர்கள். இந்தக் கணக்கு ஒவ்வொன்றையும் சுதந்திரமான சாட்சியாக எடுத்துக்கொள்ளும். ஒரே காட்சியைப் பார்த்த இருவர் சொல்வதை இருமுறை எண்ணினால் பொய்யான உறுதிதான் வரும்.


மார்ச் 3

நேற்று எழுதியதை இரவெல்லாம் யோசித்தேன். எண்களைவிட முக்கியமானது எல்லைக்கோடு. இயல்பாக அது 0.5. பாதிக்கு மேல் இருந்தால் ஆள், கீழே போனால் இல்லை. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த 0.5, இரண்டு தவறுகளுக்கும் ஒரே விலை என்று சொல்கிறது. ஒரே விலையா?

9 வாட் எல்இடி காலி அறையில் பத்து நிமிடம் எரிந்தால் 1.5 வாட்-மணி. ஆள் இருக்கும்போது அணைந்தால்? படிப்பவருக்கு எரிச்சல், ஈரத் தரையில் நிற்கும் வயதானவருக்கு எலும்பு முறிவு. படிப்பறையில் தவறான அணைப்பு தவறான எரிப்பைவிட 20 மடங்கு கெட்டது என்று வைத்துக்கொண்டால், எல்லைக்கோடு 21-இல் ஒன்று. ஆள் இருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அணைக்கலாம். குளியலறைக்கு அதையும்விடக் கீழே. ஏசிக்கு விலை வேறு, அது காலி அறையில் ஓடினால் உண்மையாகவே செலவு. அங்கே கோட்டை மேலே தூக்கலாம். ஒரே அறையில், ஒரே நிகழ்தகவை வைத்துக்கொண்டு, லைட்டுக்கு ஒரு கோடு, ஏசிக்கு ஒரு கோடு.

கொலராடோவில் ஆய்வாளர் மைக்கேல் மோசர் 1990-களில் தன் சொந்த வீட்டையே நியூரல் நெட்வொர்க்கிடம் ஒப்படைத்தபோது, மின்சாரச் செலவையும் வசதிக் குறைவையும் ஒரே அலகில் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையைத்தான் குறைக்கச் சொன்னார். வசதிக் குறைவுக்கும் விலை போட்டார். சந்தையில் கிடைக்கும் கருவிகளில் அந்த விலையைப் போட ஒரு கட்டம்கூட இல்லை. டைமர் நிமிடம் மட்டும் கேட்கிறார்கள்.


மார்ச் 8

‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று படிக்காதீர்கள். கதவு சென்சாரின் பேட்டரி தீர்ந்தால் அதன் நிலை ‘கிடைக்கவில்லை’. ‘ஆள் இருக்கிறார் என்று இல்லாவிட்டால் அணை’ என்று எழுதிய ஆட்டோமேஷன் அதையும் ஆளில்லாமையாக எடுத்துக்கொள்ளும். போர்டுகள் செய்தி அனுப்பும் எம்க்யூடிடி முறையில் தக்கவைத்த செய்தி இன்னொரு விதம். மறுதொடக்கத்துக்குப் பிறகு பழைய ‘ஆள் உண்டு’ அப்படியே வந்து நிற்கும், அனுப்பிய போர்டு செத்துக் கிடந்தாலும். போர்டு இணைப்பை இழந்தால் தானாகப் போகும் ‘இறுதி உயில்’ செய்தியைக் கட்டாயம் அமையுங்கள். சென்சார் எதுவும் பேசாதபோது எங்கள் வீட்டில் சுவர் சுவிட்ச் மட்டுமே ஆட்சி. சுவிட்சைத் தட்டினால் லைட் எரிய வேண்டும், எந்தக் கணினியையும் கேட்காமல். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.


மார்ச் 15

மகள் கேட்டாள்: “நான் எத்தனை மணிக்குத் தூங்கினேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும். நான் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தால் தெரியும். ஹோம் அசிஸ்டன்ட் எல்லா மாற்றத்தையும் இயல்பாக பத்து நாள் சேமித்து வைக்கிறது. யார் எப்போது எழுந்தார், எவ்வளவு நேரம் குளியலறையில் இருந்தார், யார் அறைக்கு யார் போனார், எல்லாம் அந்த ஒரே கோப்பில். லைட்டுக்குத் தேவைப்படுவது இந்த நொடியின் நிலை மட்டுமே. நேற்றைய நிலையால் லைட்டுக்கு எந்தப் பயனும் இல்லை.

ஆள் இருப்பதைச் சொல்லும் எல்லா சென்சார்களையும் பதிவிலிருந்து விலக்கினேன். அவள் அறையிலிருந்து ரேடாரை எடுத்துவிட்டேன், அவள் கேட்டதால். அங்கே இப்போது சுவர் சுவிட்ச் மட்டும். அம்மாவிடமும் உட்கார்ந்து, எந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். குளியலறையில் கேமரா இருக்கிறதோ என்று அவர் இத்தனை நாளும் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். ரேடார் படம் எடுக்காது, தூரத்தையும் ஆற்றலையும் எண்ணாகத்தான் தரும் என்று திரையில் காட்டியதும் நிம்மதியானார். மாட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய பேச்சு இது. இழையைப் படித்துவிட்டு யாராவது தொடங்கினால், ஒயரைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள்.


மார்ச் 23

ஹால் மட்டும் பாக்கி. கதவில்லாத, மூன்று பக்கம் வழியுள்ள இடம். எல்டி2450 என்ற இன்னொரு ரேடார் வாங்கியிருக்கிறேன். ஒரே நேரத்தில் மூன்று பேர் வரை ஒவ்வொருவரும் எந்த எக்ஸ், எந்த ஒய் என்று சொல்கிறது. அசையாமல் உட்கார்ந்தவரைச் சீக்கிரம் தொலைத்துவிடுகிறது, ஆகவே எல்டி2410-க்கு மாற்றாக இல்லை, துணையாக. என் திட்டம்: மூன்று வழிகளிலும் ஒரு கற்பனைக் கோடு. ஒருவர் புள்ளி கோட்டைத் தாண்டி வெளியே போய் மறைந்தால் மட்டும் ‘போனார்’. ஹாலின் நடுவே, சோபா பக்கத்தில் மறைந்தால் ‘உட்கார்ந்துவிட்டார்’. கதவில்லாத அறைக்குக் கதவு வரைவது போல.

சோபாவுக்கான மண்டலத்தை வரைந்துவிட்டேன். சமையலறை வழிக்கான கோட்டில் இருவர் ஒன்றாகக் கடக்கும்போது இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த இடத்தில் சென்சாரை 1.5 மீட்டரிலிருந்து 2 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, கோட்டுக்குப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி திருப்பிப் பார்க்கிறேன்.